புராஸ்டேட் புற்றுநோயில் கட்டி ஒடுக்கி மரபணுக்கள்: வெளிப்பாட்டுத் தரவுவழித் தேடலின் வரலாறு (2001–2008)

கட்டி ஒடுக்கி மரபணுக்கள் உயிரணுப் பெருக்கத்திற்குக் கடிவாளமாக அமைபவை. அவற்றின் இழப்பு புற்றுநோய்க்கு வழிவிடுகிறது என்னும் கருத்திற்கு, விழித்திரைப் புற்றுநோயை ஆராய்ந்த ஆல்ஃபிரட் நட்சன் 1971இல் அடித்தளமிட்டார். அதன்பின் இத்தகைய மரபணுக்கள் பெரும்பாலும் குரோமோசோம்களில் அழிந்துபோன பகுதிகளைத் தேடியே கண்டறியப்பட்டன. 1997இல் அறியப்பட்ட பிடென் மரபணுவும் அவ்வழி வந்ததே. மரபணு வெளிப்பாட்டுத் தரவுகள் பெருகியபோது வேறொரு வழி திறந்தது. எனினும் அது சுற்றுவழியாகவே அமைந்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் தலைமையிலான குழு, 50க்கும் மேற்பட்ட புராஸ்டேட் திசு மாதிரிகளின் வெளிப்பாட்டை அளந்து, 2001இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. சரவண தனசேகரன் அதன் முதலாசிரியர். பரவிய புற்றுநோயின் திசுக்கள், இறந்தவுடன் தம் உடலை ஆய்வுக்கு உட்படுத்த முன்பே இசைந்த நோயாளிகளிடமிருந்து பெறப்பட்டவை. அக்கொடையின்றி இவ்வரலாறே இல்லை. 700க்கும் மேற்பட்ட மாதிரிகளில் புரத அளவிலும் சோதிக்கப்பட்ட ஹெப்சின், பிம்-1 ஆகிய இரண்டும் புற்றில் மிகுபவை என்பது கருதத்தக்கது. குறைபவற்றைப் பொருள்கொள்வது கடினம். புராஸ்டேட் சுரப்பியில் மேலணிச் செல்களோடு தசையும் நாரிழையும் கலந்துள்ளன. புற்று வளர்ந்த பகுதியில் தசை குறைவதால், தசைக்குரிய மரபணுக்கள் ஒடுங்கியதுபோல் தரவில் தோன்றும். எனவே குறைந்ததெல்லாம் ஒடுக்கி ஆகாது.

2002இல் சூரியநாராயண வரம்பள்ளி முதலாசிரியராக அமைந்த ஆய்வு, ஈ.இசட்.எச்.2 என்னும் மரபணு பரவிய புற்றில் மிகுவதைக் காட்டியது. இதன் புரதம் பிற மரபணுக்களை வாயடைக்கச் செய்வது. அதனைச் செல்களில் மிகுவித்தபோது குறிப்பிட்ட ஒரு தொகுதி மரபணுக்கள் ஒடுங்கின. மிகுவது ஒன்றைப் பிடித்து, அதனால் அடக்கப்பட்டவற்றைத் தேடும் வழி இவ்வாறு கிட்டியது. 2007இல் 'கேன்சர் செல்' இதழில் வந்த ஆய்வு, அவ்வாறு அடக்கப்பட்டவற்றுள் ஏ.டி.ஆர்.பி.2 என்னும் ஏற்பி மரபணுவை இனங்கண்டது. அதனைத் தடுத்தபோது இயல்பான மேலணிச் செல்களும் ஊடுருவும் தன்மை பெற்றன. (2005இல் இதே குழு கண்ட மரபணு இணைவே பெரும்புகழ் பெற்றது, அதுவும் மிகுவதைத் தேடிய கணிப்புமுறையின் விளைவே.)

ஈ.இசட்.எச்.2 ஏன் மிகுகிறது என்பதற்கு 2008இல் 'சயின்ஸ்' இதழில் விடை வந்தது. அதனை அடக்கிவைக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.–101 நோய் முற்றமுற்றக் குறைகிறது. அதன் இரு மரபிடங்களுள் ஒன்றோ இரண்டுமோ, சுரப்பிக்குள் அடங்கிய புற்றுகளில் 16இல் 6இலும், பரவியவற்றில் 33இல் 22இலும் இழக்கப்பட்டிருந்தன. வெளிப்பாட்டில் தொடங்கிய தேடல் இங்கே நட்சன் கூறிய மரபணு இழப்பிற்கே திரும்பியது. என் கருத்தில் இவ்வரிசையின் வலுவான சான்று இதுவே.

இத்தகைய ஆய்வுக்கு நோயாளர் பதிவும் திசுச் சேமிப்பும் முன்தேவைகள். 1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பதிவேடு 1980களில் சென்னை நகர எல்லைக்குள்ளேயே கணக்கெடுத்தது. கோவளம் போன்ற தென்புறக் கடற்கரை ஊர்கள் அவ்வெல்லைக்கு வெளியே இருந்தன. மாநிலம் தழுவிய பதிவுத் திட்டம் 2012இல்தான் தொடங்கியது. திசுச் சேமிப்பிற்கெனச் சென்னை ஐ.ஐ.டி.யில் தேசியப் புற்றுநோய்த் திசு உயிரிவங்கி இயங்குகிறது.