அபூர்வ கொக்கோ விதை வாங்கப்போறீங்களா? இந்த 4 கேள்விகளைக் கேளுங்க!

கொக்கோ விதையை நீங்களே வறுத்து, அரைத்து சாக்லேட் செய்ய ஆசையா? அப்போ 'நாசியோனல்' என்ற பெயர் சீக்கிரமே உங்க கண்ணில் படும். பூ வாசனைக்குப் பேர்போன, ஈக்வடார் நாட்டின் பாரம்பரிய ரகம் இது.

சுமார் 100 ஆண்டுகளுக்கு முன்பு பூஞ்சை நோய்கள் தாக்கி இந்த மரங்கள் அழிந்தன. பிறகு கலப்பின மரங்கள் பெருகின. 1965-ல் உருவான 'சிசிஎன்-51' அதிக மகசூல் தந்ததால் பலரும் அதற்கு மாறினாங்க. கலப்பில்லாத நாசியோனல் இனி இல்லைன்னே பலர் நினைச்சாங்க. ஆனா, பெரு நாட்டின் மரன்யோன் பள்ளத்தாக்கில் அது இருப்பதை அமெரிக்க வேளாண் துறையின் மரபணு சோதனை உறுதிசெய்தது.

அதனால, பெயரை மட்டும் நம்பி காசு கொடுக்காதீங்க. விற்பவரிடம் இதையெல்லாம் கேளுங்க.

1. எந்தத் தோட்டம், எந்த ஆண்டு அறுவடை?

2. மரபணு சோதனை நடந்திருக்கா? 'ஹெர்லூம் ககாவ் பிரிசர்வேஷன்' அமைப்பு மரபணு, சுவை இரண்டையும் பார்த்தே அங்கீகாரம் தருது.

3. எத்தனை நாள் புளிக்க வெச்சாங்க? முதலில் கொஞ்சமா சாம்பிள் வாங்கி, 50 விதைகளை நீளவாக்கில் வெட்டிப் பாருங்க. உள்ளே சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடந்தா, சரியா புளிக்கலைன்னு அர்த்தம்.

4. விவசாயிக்கு எவ்வளவு போகுது? இதுதான் முக்கியம். கூடுதல் விலை கிடைக்கலைன்னா, பழைய மரத்தை வெட்டிட்டு மகசூல் ரகத்தை நடுறதுதான் அவருக்கு லாபம்!