கையடக்கக் கருவியும் வன்னி மக்களும்

1994ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 16ஆம் நாள் அமெரிக்காவில் ஒரு புதிய தொலைபேசி விற்பனைக்கு வந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தார் ஆக்கி, பெல்சவுத் என்னும் தொலைபேசி நிறுவனத்தார் விற்ற அதற்குச் 'சைமன்' என்று பெயர். பேசுவதோடு அமையாமல், கடிதம் அனுப்பவும், நாட்குறிப்பு எழுதவும், கணக்குப் பார்க்கவும் அது உதவிற்று. பொத்தான்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடித் திரை இருந்தது. அதனைத் தொட்டே எல்லாவற்றையும் இயக்கலாம். இன்று திறன்பேசி என்று நாம் வழங்கும் கருவிக்கு அதுவே முன்னோடி. நிறை அரைக் கிலோகிராமுக்குச் சற்று மேல். விலை ஆயிரம் டொலர் அளவு. ஏறத்தாழ 50,000 கருவிகள் விற்பனையாயின. ஆறே மாதத்தில் அதன் விற்பனை நின்றுபோயிற்று. அதனை வாங்கியோர்க்கு வாய்த்த பெருங் குறை யாதெனின், ஒரு மணி நேரம் பேசுவதற்குள் அதன் மின்கலம் சோர்ந்துவிடும் என்பதே.

அதே ஓகஸ்ட் மாதத்தில் இலங்கையின் வடபால், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலத்தில், மின்கலம் என்பதே காண்டற்கரிய பொருளாயிருந்தது. 1990 ஜூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபின் அரசாங்கம் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விதித்தது. எரிபொருள், சீமெந்து, பசளை என்று நீண்ட தடைப்பட்டியலில் சாதாரணக் கைவிளக்குக்கு இடும் பற்றரியும் இடம்பெற்றது. தேசிய மின்வழங்கலும் வன்னியின் பெரும்பகுதியில் அற்றுப்போயிற்று. அரசாங்கத்தின் வசமிருந்த வவுனியா நகரில் விளக்கு எரிந்தது. அதற்கு அப்பால் வடக்கே செல்லச் செல்ல, ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கின் ஒளியிலேயே பிள்ளைகள் படித்தனர்.

கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றை ஆக்கியவர்களின் பெயரையும் ஆக்கிய நாளையும் குறித்துவிட்டு அமைகின்றனர். வாங்கியவன் அதனை வீட்டுக்குக் கொண்டுபோய் என்ன பாடுபட்டான் என்பதைச் சொல்வார் அரியர். வன்னியைப் பொறுத்தவரை அந்தப் பாடே வரலாறாகும். அங்கே எந்தக் கையடக்கக் கருவியும் முழுமையாக வந்து சேர்ந்ததில்லை. குறைந்த பகுதியை, அது மின்னாயினும் எழுத்தாயினும், உடையவனே தன் உழைப்பால் நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

சைமன் விற்பனைக்கு வந்த காலத்தில் வன்னி மக்களின் கையிலிருந்த கருவி திரான்சிஸ்டர் வானொலி. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்த திரான்சிஸ்டர், 1954ஆம் ஆண்டிற் சட்டைப்பையில் அடங்கும் வானொலியாக விற்பனைக்கு வந்தது. பின்வந்த ஆண்டுகளில் அது உலகெங்கும் பரவிற்று. வயலுக்கும் வாடிக்கும் எடுத்துச் செல்லக்கூடிய அந்தச் சிறு பெட்டிக்கு வேண்டியதெல்லாம் இரண்டு அல்லது நான்கு பற்றரிகளே. அவை இல்லையெனின் பெட்டி வெறும் பெட்டிதான்.

அந்நிலையில் மக்கள் கையாண்ட உபாயங்கள் பல. ஓய்ந்துபோன பற்றரிகளை வெயிலிற் காயவைத்தனர். அவற்றின் உடலில் ஆணியால் துளையிட்டு உப்புநீர் ஊற்றினர். உலர்மின்கலத்தின் உள்ளேயுள்ள பசை காய்ந்துபோவதும் அது வலுவிழப்பதற்கு ஒரு காரணம். ஆதலால் ஈரம் புகுந்ததும் அது சிறிது நேரம் உயிர்பெற்றது. உயிர்பெற்ற பற்றரியைச் செய்தி நேரத்துக்கு மட்டும் இட்டு, மற்றை வேளைகளிற் கழற்றி வைத்தனர்.

எல்லாவற்றிலும் சிறந்த உபாயம் துவிச்சக்கரவண்டியிலிருந்து வந்தது. வன்னியில் அக்காலத்தில் வண்டி என்றால் அதுவே. விறகும் நெல்லும் நோயாளியும் அதிலேதான் சென்றனர். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டுப் பெயர்ந்து, பின்னர் கிளாலி நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்த குடும்பங்கள் பலவற்றின் சொத்து முழுவதும் அதன் பின்னிருக்கையில் ஏறியே வந்தது. முன் விளக்குக்காக அதன் சக்கரத்தோடு பூட்டப்பட்டிருக்கும் தைனமோ, ஒரு சோடாப் போத்தலின் பாதியளவே இருக்கும். உள்ளே ஒரு காந்தம் சுழல, அதனைச் சூழ்ந்த கம்பிச் சுருளில் மின் பிறக்கின்றது. பரடே 1831இற் கண்ட உண்மையே இது. அதன் அளவு ஆறு வோற்று. நான்கு பற்றரிகள் சேர்ந்து தருவதும் அதே ஆறு வோற்று. இந்தப் பொருத்தத்தை முதலிற் கண்டவர் யாரென்று ஒரு பெயரைச் சுட்டிவிட முடியாது. தேவை எல்லார் வாசலிலும் ஒரே வேளையில் நின்றது.

வண்டியைத் தாங்கியில் நிறுத்தியோ தலைகீழாகக் கவிழ்த்தோ வைப்பர். தைனமோவிலிருந்து இரண்டு கம்பிகள் வானொலிப் பெட்டிக்குச் செல்லும். ஒருவர் மிதியைக் கையாற் பிடித்துச் சுழற்ற, மற்றவர் பெட்டியின்மேற் செவி வைத்திருப்பர். தைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி வேண்டுவதோ நேரோட்டம். விஞ்ஞானம் படித்த மாணவர்கள் பழைய பெட்டிகளிலிருந்து கழற்றிய இருவாயியை இடையே பூட்டி இரைச்சலைக் குறைத்தனர். ஆயினும் கையின் வேகம் எப்படியோ குரலின் வலுவும் அப்படியே. சுழற்றுபவர் சோர்ந்தால் செய்தி வாசிப்பவரும் சோர்ந்து தேய்ந்துபோவார்; கூடியிருப்போர் சத்தமிட, அடுத்தவர் மிதியை வாங்கிக்கொள்வார். அரைமணிச் செய்திக்கு இரண்டு மூன்று பேர் முறை மாறவேண்டியிருந்தது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் திரெவர் பெய்லிஸ் என்பார் கையால் முறுக்கி இயக்கும் வானொலி ஒன்றை ஆக்கினார். 1991ஆம் ஆண்டில் அவர் மனத்தில் உதித்த அக் கருவி தென்னாபிரிக்காவில் உற்பத்தியாகி, 1996இற் பரிசும் பெற்றது. பெய்லிஸ் பாராட்டுக்கு உரியவரே. ஆனால் அவர் வரைபடம் வரைந்துகொண்டிருந்த நாட்களில் இலங்கையின் வடக்கில் அதற்கு ஒப்பான வேலை நடந்துகொண்டிருந்ததென்பது எந்தப் பரிசுக் குழுவினருக்கும் எட்டவில்லை.

இவ்வளவு பாடுபட்டு மக்கள் கேட்டது யாது? இலண்டனிலிருந்து வந்த பி.பி.சி. தமிழோசை, மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ், விடுதலைப் புலிகளின் வானொலி, கொழும்பிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்த ஒலிபரப்புகள் ஆகியவற்றையே. ஒரே நிகழ்ச்சியைப் பல நிலையங்களிற் கேட்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, உண்மை எந்த இடத்தில் இருக்கக்கூடும் என்று தாமே ஊகித்தனர். அவ்வூகத்திற் பிழை நேர்ந்தால் இழப்புப் பெரிது. படை எந்தச் சந்தி வரை வந்துவிட்டது, எந்தப் பாதை திறந்திருக்கின்றது, இன்றிரவே மூட்டை கட்டவேண்டுமா, விதைத்த நெல்லை அறுக்கும்வரை பொறுக்கலாமா என்பன அந்த அரைமணி நேரத்திலேயே தீர்மானிக்கப்பட்டன. 1996இல் இராணுவத்தின் வசமான கிளிநொச்சி 1998இல் மீண்டும் கைமாறியது. 1997 மே மாதத்தில் வவுனியாவிலிருந்து வடக்கே பாதை திறக்கும் படை நடவடிக்கை தொடங்கியது. இவற்றுக்கிடையே ஒரே குடும்பம் பன்முறை இடம்பெயர்ந்தது. ஒவ்வொரு முறையும் வண்டியும் வானொலியும் கூடவே சென்றன.

வானொலி ஊர்ச்செய்தியைச் சொல்லும். வீட்டுச் செய்தியைச் சொல்லாது. கனடாவுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் சென்ற பிள்ளை உயிரோடு இருக்கின்றானா என்பதை அறியக் கடிதமே வழி. சிதறிப்போன குடும்பங்களுக்கிடையே செஞ்சிலுவைச் சங்கத்தார் சிறு செய்தித் தாள்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தனர். குரலைக் கேட்க விரும்பிய தாய், அனுமதி பெற்று வவுனியா நகருக்குச் சென்று, தனியார் தொலைத்தொடர்பு நிலையமொன்றின் வாங்கிற் காத்திருக்கவேண்டும். கடிதத்தில் முன்னரே நாளும் நேரமும் குறித்திருப்பர். இரண்டு நாட் பயணத்தின் முடிவிற் கிடைக்கும் பேச்சு சில நிமிடங்களே. அந்நிமிடங்களிற் பெரும்பகுதி அழுகையிற் போனதென்றால் வியப்பில்லை.

2002 ஜனவரியில் தடைகள் தளர்ந்தன. பெப்ரவரி 22ஆம் நாள் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் யாழ்ப்பாணம் வரை ஏ-9 நெடுஞ்சாலை திறந்தது. பற்றரி மீண்டும் கடைக்கு வந்தது. வண்டியின் தைனமோ தன் பழைய வேலைக்குத் திரும்பிற்று. நான்கு ஆண்டுகளே அந்த ஆறுதல் நீடித்தது. 2006 ஓகஸ்ட் 11ஆம் நாள் பாதை மறுபடி அடைபட்டது. 2009 மே 18இற் போர் முடிவுற்றபோது வன்னியிலிருந்து வெளியேறிய மக்களுட் பெரும்பாலோர் செட்டிகுளத்தை அடுத்த மெனிக் பாம் முகாமிலிருந்தனர். அம்முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது.

அவர்கள் தத்தம் ஊர்களுக்கு மீண்டபோது கூரை இருக்கவில்லை, கிணறுகள் தூர்ந்திருந்தன, மின்கம்பி பல ஊர்களுக்கு இன்னும் எட்டவில்லை. ஆனால் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் எழத்தொடங்கின. வீடு வருமுன் தொலைபேசி வந்தது என்பது கேட்பார்க்கு விந்தையாகத் தோன்றலாம். பிற நாடுகளிலுள்ள பிள்ளைகளையும் சகோதரரையும் நம்பியே பல குடும்பங்கள் மீண்டும் அடுப்பு மூட்டின; ஆகவே அது ஆடம்பரப் பொருளாக இருக்கவில்லை.

முதலில் வந்தவை எளிய கருவிகள். 2003இல் வெளிவந்த நொக்கியா 1100 போன்றவை இவ்வினத்தைச் சேர்ந்தவை. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்ற அக் கருவியின் உச்சியில் ஒரு சிறு மின்விளக்கு இருந்தது. ஐரோப்பாவில் இருப்பவனுக்கு அது ஓர் உபரி. பாம்பு நடமாடும் பற்றை சூழ்ந்த கொட்டிலில் இரவு எழுந்து வெளியே செல்பவனுக்குத் தொலைபேசியைவிட அதுவே முதன்மையானது. ஒருமுறை மின்னூட்டினால் நாட்கணக்கில் அது நின்றது. மின் இல்லாத வீட்டார் அதனைச் சந்திக் கடைக்குக் கொண்டுபோய், மின்பிறப்பாக்கியில் ஊட்டி வந்தனர்; உழவு இயந்திரத்தின் பற்றரியும் அவ்வாறே உதவிற்று. 2010ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தார் துவிச்சக்கரவண்டித் தைனமோவினால் தொலைபேசிக்கு மின்னூட்டும் சாதனமொன்றைக் கென்யாவில் அறிமுகஞ் செய்தனர். இருபது ஆண்டுகள் பிந்தி, அதே போத்தல் வடிவம்!

பின்னரே திறன்பேசி வந்தது. 2007இல் ஐபோனும், 2008இல் முதல் அன்ட்ரொயிட் கருவியும் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. மெல்ல மெல்ல, பெரும்பாலும் வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த கருவிகளாக, அவை வன்னியையும் அடைந்தன. சைமனின் பழைய குறை இங்கே தலைகாட்டிற்று: பெரிய திரை ஒரே நாளில் மின்னைக் குடித்து முடித்தது. சந்திக் கடைக்கு வாரத்திற்கொரு முறை சென்றவர் இப்போது நாள்தோறும் செல்லவேண்டியதாயிற்று.

மற்றொரு குறை மொழியைப் பற்றியது. 1991இலேயே யுனிகோட் குறியேட்டில் தமிழ் இடம்பெற்றிருந்தும், தொடக்ககாலத் திறன்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துகள் வெற்றுக் கட்டங்களாகவே தெரிந்தன. சில கருவிகளில் எழுத்து வந்தாலும் ஒழுங்கு சிதைந்தது. 'கெ' என்பதில் முன்னே நிற்கவேண்டிய கொம்பு பின்னே போய் நின்றது. ரொறன்ரோவிலுள்ள மகன் தமிழில் எழுதிய செய்தி, முல்லைத்தீவிலுள்ள தாயின் கையிற் கட்டங்களின் வரிசையாக விழுந்தது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதினால் இளையோர் வாசிப்பர். தமிழ்ப் பாடசாலையில் மட்டும் படித்த தாய் பேரப்பிள்ளையை அழைத்தே வாசிப்பிக்கவேண்டும். மகன் தாய்க்கு மட்டும் சொல்ல எண்ணியது அதனால் வீடு முழுவதும் அறிந்ததாயிற்று.

இக்குறையை நீக்க உழைத்தவர்களுள் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் முதன்மையானவர். கைத்தொலைபேசியில் தமிழ் எழுதுவதற்கு அவர் ஆக்கிய 'செல்லினம்', 2005ஆம் ஆண்டு பொங்கலன்று சிங்கப்பூர்த் தமிழ் வானொலியின் துணையோடு வெளியிடப்பட்டது. தமிழ் எழுத்தைக் கைத்தொலைபேசிக்கு அழைத்து வந்ததில் ஒரு வானொலிக்கும் பங்குண்டு என்பதை நேயர்கள் குறித்துக்கொள்ளலாம். 2011, 2012ஆம் ஆண்டுகளின் அன்ட்ரொயிட் பதிப்புகளில் தமிழ் ஒழுங்காகத் தெரியத்தொடங்கிற்று. 2013இல் ஐபோனில் தமிழ் விசைப்பலகை இடம்பெற்றது. வைபர், வட்ஸ்அப் முதலியவற்றின் வழியே குரலும் முகமும் செலவு குறைந்து வந்தபின், எழுதத் தேவையில்லாத தாய்மார் அவற்றையே விரும்பினர்.

2017 ஏப்ரல் 30ஆம் நாள் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு நின்றது. 1941 மே மாதத்தில் தொடங்கிய பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு அதன்பின் இணையத்தின் பக்கம் திரும்பிற்று. முன்னாளில் மிதியைச் சுழற்றிய சிறுவர்கள் அப்போது நடுவயதை எட்டியிருந்தனர். அவர்களது கையிலிருந்த திறன்பேசி அச் செய்தியைத் திரையிற் காட்டிற்று.

2022ஆம் ஆண்டு இலங்கை முழுவதையும் பொருளாதார நெருக்கடி பற்றியபோது, மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின் துண்டிக்கப்பட்டது. தலைநகரிலும் மக்கள் தொலைபேசிக்கு மின்னூட்டும் வழி தேடினர். பெற்றோலும் மண்ணெண்ணெயும் கிடையாமையால் கொழும்பு வீதிகளிலும் துவிச்சக்கரவண்டிகள் பெருகின. அவற்றின் விலையும் ஏறிற்று. இக்கால வண்டிகள் பலவற்றில் தைனமோ பூட்டப்படுவதில்லை.