கொழுத்த கன்று: ஓசூர்–கிருஷ்ணகிரி எல்லைப்புறத்தில் விவிலிய மாந்தர் கதைகள்

விவிலிய மாந்தர்களின் கதையைச் சொல்லி அதிலிருந்து வாழ்க்கைக்குப் படிப்பினை எடுத்துக்காட்டுவது தமிழ்க் கிறித்தவத்தின் பழமையான போதனை முறை. ஆபிரகாம் என்றால் விருந்தோம்பல், யோசேப்பு என்றால் மன்னிப்பு, ரூத் என்றால் மாமியார் மீது வைத்த பற்று, பேதுரு என்றால் மறுதலித்துவிட்டு அழுத கண்ணீர் என்று ஒவ்வொரு பெயரோடும் ஒரு குணத்தைச் சேர்த்துச் சொல்வார்கள். மைசூருக்கும் தமிழ்நாட்டுக்கும் இடைப்பட்ட எல்லைப்புறத்தில் இக்கதைகள் எப்படிப் பரவின, கேட்டவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்பது தனியாகப் பார்க்க வேண்டிய வரலாறு. கதையில் வரும் ஒரு கன்றுக்குட்டி எவ்வளவு பெரிய சங்கடத்தை உண்டாக்கியது என்பதும் அந்த வரலாற்றில் அடங்கும்.

நிலமும் மொழியும்

இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9 அன்று தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது. பழைய ஆவணங்களில் இப்பகுதியின் பெரும்பகுதி பாரமகால் எனப்படும். 1792இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கையால் பாரமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. ஓசூர்ப் பகுதி 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகே அதனுடன் சேர்ந்தது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் இங்கே ஒரே தெருவில் புழங்கும். வீட்டில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் பள்ளியில் தமிழும் பேசும் பிள்ளைகள் இன்றும் உண்டு.

கிறித்தவம் இப்பக்கம் வந்தது இயேசு சபையாரின் மைசூர் மிஷன் வழியாக. 1606இல் மதுரையில் ராபர்ட் தெ நோபிலி தொடங்கிய முறையைப் பின்பற்றி, லெயோனார்தோ சின்னாமி என்ற இத்தாலியக் குரு 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பணியைத் தொடங்கினார். காவியுடை, மரக்கறி உணவு, உள்ளூர் மொழி என்பது அவர்கள் கடைப்பிடித்த ஒழுங்கு. அந்தப் பணி பின்னர் தருமபுரிப் பக்கமும் நீண்டது. 1773இல் ரோமாபுரி இயேசு சபையைக் கலைத்தபின் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையார் பொறுப்பேற்றார்கள்.

கதை கேட்பது இம்மக்களுக்குப் புதிதல்ல. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் இரவு முழுக்கப் பாரதக் கூத்து பார்த்து, கர்ணனின் கொடையையும் தருமரின் சூதையும் மறுநாள் களத்துமேட்டில் அலசிய மக்கள் இவர்கள். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி பிற்காலத்தில் பாரதக் கதையை ‘வியாசர் விருந்து’ என்று எளிய தமிழில் எழுதியபோதும் அங்கங்கே நின்று நீதி சொன்னதைப் படித்தவர்கள் அறிவார்கள். ஆகவே கதைமாந்தரை வைத்து ஒழுக்கம் பேசுவது என்ற வழக்கத்தை மிஷனரிகள் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை.

பெயரே பாடம்

கத்தோலிக்க மரபில் விவிலியம் முழுவதும் அச்சில் மக்கள் கைக்கு வரப் பல காலம் ஆயிற்று. அதற்கு முன்பு கதைகளைச் சுமந்தவர்கள் உபதேசியார்கள். கோவில்பிள்ளை என்றும் வேதியர் என்றும் அவர்களுக்குப் பெயர். குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலே அதிகம் என்ற காலத்தில் ஊரின் ஜெபமும் கதையும் இவர்களிடம்தான் இருந்தன. வீரமாமுனிவர் ‘வேதியர் ஒழுக்கம்’ என்று தனி நூலே எழுதினார் என்றால் அவர்களுடைய முக்கியத்துவம் விளங்கும்.

பழைய தமிழ்க் கத்தோலிக்கப் பெயர்களைப் பாருங்கள். பவுல் என்ற பெயருக்கு இலத்தீனில் ‘சிறியவர்’ என்று பொருள். அவர் சின்னப்பர் ஆனார். ஸ்தேவான் என்பதன் கிரேக்க மூலம் ‘முடி’யைக் குறிக்கும்; அவர் முடியப்பர். யோவானின் எபிரேயப் பெயரில் ‘கடவுளின் அருள்’ இருக்கிறது; அவர் அருளப்பர். பேதுரு என்றால் பாறை, அவர் இராயப்பர். தெலுங்கில் கல்லுக்கு ‘ராயி’ என்று பெயர், அதிலிருந்தே இப்பெயர் வந்தது என்று சொல்வார்கள். தெலுங்கு பேசும் எல்லைப்புறத்தில் இந்தப் பெயருக்கு விளக்கமே வேண்டியிருந்திருக்காது. ஒரு குழந்தைக்குச் சின்னப்பன் என்று பெயர் வைக்கும்போதே பணிவு பற்றிய பாடம் முடிந்துவிடுகிறது. புராட்டஸ்டண்டு மரபு மூலப்பெயரின் ஒலியைக் காக்க விரும்பிப் பவுல், பேதுரு, யோவான் என்று வைத்துக்கொண்டது. இரண்டும் நியாயமே. ஆனாலும் தமிழ்க் காதுக்கு முதல் முறையில் கிடைத்த பொருள் இரண்டாவதில் கிடைக்கவில்லை என்பது உண்மை.

துபுவாவின் அனுபவம்

அபே துபுவா என்ற பிரெஞ்சுக் குரு 1792இல் இந்தியா வந்தார். 1799க்குப் பிறகு மைசூர் நாட்டுக் கத்தோலிக்கரிடையே பணியாற்றி 1823இல் பிரான்சுக்குத் திரும்பினார். இந்துக்களின் பழக்கவழக்கங்கள் பற்றிய பெருநூலுக்காக இன்று அறியப்படுபவர். அவர் கிளம்பிய ஆண்டே லண்டனில் ‘இந்தியாவில் கிறித்தவத்தின் நிலை பற்றிய கடிதங்கள்’ என்ற நூல் வெளிவந்தது. தன் 25 ஆண்டு உழைப்பில் சேர்ந்தவர்கள் இருநூறுக்கும் முந்நூறுக்கும் இடையில்தான் என்று அதில் அவரே எழுதுகிறார். மனம் கசந்த ஒருவரின் நூல் அது. படிக்கும்போது அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விவிலியத்தை அப்படியே மொழிபெயர்த்து மக்கள் கையில் கொடுக்கக் கூடாது என்பது அந்நூலின் வாதங்களில் ஒன்று. அதற்கு அவர் காட்டும் சான்றுகளில் விவிலிய மாந்தர் வருகிறார்கள். ஆபிரகாம் தன்னிடம் வந்த மூன்று விருந்தினருக்குக் கன்றை அடித்துச் சமைத்தார் என்ற இடத்தைப் படித்த உடனே ஓர் இந்து புத்தகத்தை எறிந்துவிடுவார் என்கிறார். அடுத்ததாகத் தனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறார். ஒருநாள் ஊதாரி மைந்தன் உவமையை விளக்கியபோது, திரும்பி வந்த மகனுக்காகத் தகப்பன் கொழுத்த கன்றை அடித்து விருந்து வைத்ததையும் கூறினார். பிரசங்கம் முடிந்ததும் கிறித்தவர்களில் சிலர் முகம் சுளித்தபடி வந்தார்கள். கன்றைப் பற்றிச் சொன்னது சரியல்ல, வெளியார் யாராவது கேட்டிருந்தால் இது தாழ்ந்த சாதியாரின் மதம் என்று உறுதியாக எண்ணிவிடுவார்கள் என்றார்கள். இனி இந்த உவமையைச் சொன்னால் கன்றுக்குப் பதிலாக ஆட்டுக்குட்டி என்று சொல்லும்படி யோசனையும் கொடுத்தார்கள்.

துபுவாவின் நூலுக்கு உடனே மறுப்புகள் வந்தன. பாளையங்கோட்டையில் கம்பெனியின் குருவாக இருந்த ஜேம்ஸ் ஹஃப் 1824இல் தனி நூலாகவே பதில் எழுதினார். மறுதரப்பு வாதத்தோடு நிற்கவில்லை, மொழிபெயர்ப்பு வேலையும் நடந்துகொண்டே இருந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்து நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பல்லாரியில் ஜான் ஹேண்ட்ஸ் கன்னட மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருந்தார்.

ஆட்டுக்குட்டி போதுமா?

கன்றைச் சொல்லாதே என்றவர்களின் சங்கடத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆலம்பாடி மாட்டின் நாடு இது. ஏர் பூட்டவும் வண்டி இழுக்கவும் பேர்பெற்ற இனம். எருது விடும் விழாவில் காளைக்கு அலங்காரம் செய்து ஊரே கூடி நின்று பார்க்கும் பகுதி. நாளை நுகத்தடி ஏறப்போகும் கன்று ஒரு குடும்பத்தின் முதலீடு. அதை ஒருவேளை விருந்துக்கு அடிப்பது என்றால் கேட்பவர் மனம் பதறத்தான் செய்யும்.

ஆனால் இந்த உவமையில் கன்று வெறும் சமையல் விவரம் அல்ல. லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில் இந்தக் கதைக்கு இரண்டு பிள்ளைகள். இளையவன் பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூரதேசம் போய் அழித்துவிட்டு, பன்றி மேய்த்து, பசியோடு திரும்புகிறான். மூத்தவன் வீட்டோடு உழைத்தவன். வயலிலிருந்து வரும்போது ஆடல்பாடல் சத்தம் கேட்டு, வீட்டுக்குள் வராமல் வெளியே நின்றுவிடுகிறான். இத்தனை ஆண்டு உழைத்த எனக்கு நண்பரோடு கொண்டாட ஓர் ஆட்டுக்குட்டி கூடக் கொடுத்ததில்லை, சொத்தை அழித்தவனுக்குக் கொழுத்த கன்றா என்பது அவன் புகார். ஆட்டுக்குட்டிக்கும் கன்றுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில்தான் அவனுடைய ஆற்றாமை முழுவதும் இருக்கிறது. துபுவாவிடம் வந்தவர்கள் சொன்னபடி கன்றை ஆட்டுக்குட்டியாக்கினால் மூத்தவன் பேச்சுக்குப் பொருளில்லாமல் போகிறது. தகப்பனின் கொடையும் பாதியாகிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. யோசனை சொன்னவர்கள் மாட்டிறைச்சியை அஞ்சியதைவிட, தங்களை யாரோடு சேர்த்து எண்ணிவிடுவார்களோ என்பதைத்தான் அதிகம் அஞ்சினார்கள். அதே சபையில் மாட்டிறைச்சி உண்ணும் மக்களும் இருந்தார்கள். அவர்களைத் தம்பி என்று ஏற்க மனமின்றி வாசலில் நின்ற மூத்த மகனின் இடத்தில் நின்றுகொண்டே, அந்த மூத்த மகன் வரும் கதையைத் திருத்தச் சொன்னார்கள். இந்தச் சிக்கல் மைசூர் மிஷனோடு நிற்கவில்லை. தெற்கே வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக இரண்டு கூடங்கள் வைத்தே ஆலயம் கட்டினார்கள். நடுச்சுவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிக்கப்பட்டது. மூத்தவன் கடைசியில் உள்ளே போனானா என்பதை லூக்கா சொல்லவில்லை.

இன்று புழக்கத்தில் உள்ள இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளிலும், அதாவது 1871இல் வந்த பவர் ஐயர் குழுவின் மொழிபெயர்ப்பிலும் 1995இல் வந்த திருவிவிலியத்திலும், கன்று கன்றாகவே இருக்கிறது. வேறொரு வழியும் பின்னாளில் முயலப்பட்டது. கிருஷ்ணகிரிக்கு அண்டையிலுள்ள திருப்பத்தூரில் சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். இருவரும் மருத்துவர்கள். கதர் உடுத்து, மரக்கறி உணவு உண்டு, கோயில் கட்டடக் கலையில் ஜெபாலயம் எழுப்பினார்கள். அண்டைவீட்டார் மனம் நோகாதபடி உணவை மாற்றிக்கொண்டவர்கள் கதையை மாற்றவில்லை.

தச்சரும் ஆலைத் தொழிலாளரும்

வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணி 3615 பாடல்கள் கொண்டது. அதன் தலைவன் இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசை. யோசேப்பு என்ற எபிரேயப் பெயரின் பொருளையொட்டி அவருக்கு வளன் என்று பெயரிட்டார் முனிவர். நற்செய்தி நூல்களில் யோசேப்பு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கனவில் கேட்டதைக் காலையில் எழுந்து செய்வார், அவ்வளவுதான். பேசாத மனிதரைக் காப்பியத் தலைவனாக்கியது துணிச்சலான காரியம்.

ஓசூர் மாறிய கதை பலருக்கும் தெரியும். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை, 1980இல் அசோக் லேலண்ட் ஆலை, அதையொட்டி டிவிஎஸ், பிறகு டைட்டன் கைக்கடிகாரம் என்று வந்தபோது வேலை தேடித் தமிழகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. அண்மைக் காலத்தில் வடமாநிலத்தாரும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். 1997இல் சேலத்திலிருந்து பிரித்துத் தருமபுரி மறைமாவட்டம் உருவானபோது இப்பகுதி அதில் அடங்கியது. இப்படிப்பட்ட ஊரில் தச்சுப்பட்டறைக்காரர் யோசேப்புக்குத் தனி இடம் உண்டு. மே 1ஐத் தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளாக 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்தார். கைக்குழந்தையோடு எகிப்துக்கு இரவோடிரவாகப் போன குடும்பம் என்ற பகுதியும் வாடகை வீட்டில் இருப்பவருக்கு வேறு விதமாகக் கேட்கும்.

பொறுமை, பணிவு என்ற இரண்டையே தொழிலாளிக்குப் பாடமாகச் சொல்லி நிறுத்திவிடுவது இவ்வகைப் போதனையின் குறை. விவிலியம் அவ்வளவோடு நிற்பதில்லை. தொடக்கநூலில் யாக்கோபு தன் மாமன் லாபானிடம் இருபது ஆண்டு வேலை செய்தவர். பேசிய கூலியைப் பத்து முறை மாற்றினாய் என்று நேருக்கு நேர் நின்று கணக்குக் கேட்கிறார். ஒப்பந்தக் கூலிகள் நிறைந்த ஊரில் இந்த யாக்கோபைப் பற்றியும் பேச வேண்டும். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் சந்தைவெளியில் வேலைக்காகக் காத்து நிற்பவர்களின் உவமை வருகிறது. விடிந்ததும் வந்தவனுக்கும் பொழுதுசாயும் நேரத்தில் வந்தவனுக்கும் தோட்டக்காரர் ஒரே கூலி கொடுக்கிறார். முதலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். பழைய மொழிபெயர்ப்பில் அந்தக் கூலி ‘ஒரு பணம்’. திருவிவிலியத்தில் ‘ஒரு தெனாரியம்’. அக்காலத்தில் அது ஒரு குடும்பத்தின் ஒருநாள் சோற்றுக்கான தொகை. கடைசியில் வந்தவன் வீட்டிலும் அன்று அடுப்பு எரிய வேண்டும் அல்லவா?