கால் பெருவிரல் மூட்டு விறைப்புக்கான அறுவைச் சிகிச்சை

கால் பெருவிரல் மூட்டு விறைப்புக்கான அறுவைச் சிகிச்சை என்பது, கால் பெருவிரலின் அடிமூட்டில் குருத்தெலும்பு தேய்ந்து, விரல் மேல்நோக்கி மடங்க இயலாமல் வலி தரும் நிலையைப் போக்கச் செய்யப்படும் பல்வேறு அறுவை முறைகளின் பொதுப்பெயர் ஆகும். இந்நோய் மருத்துவத்தில் ஹாலக்ஸ் ரிஜிடஸ் எனப்படுகிறது. இலத்தீன் மொழியில் ஹாலக்ஸ் என்பது கால் பெருவிரலையும், ரிஜிடஸ் என்பது விறைத்த நிலையையும் குறிக்கும். பாதத்தில் ஏற்படும் மூட்டுத் தேய்வுகளுள் மிகப் பரவலானது இதுவே. 50 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ நாற்பதில் ஒருவருக்கு இது காணப்படுவதாக மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன.

இம்முறைகள் இரு வகைப்படும். ஒரு வகை மூட்டின் அசைவைக் காக்க முயல்கிறது. மற்றொரு வகை அசைவை அடியோடு நிறுத்தி வலியைப் போக்குகிறது. தரையில் அமர்ந்தும் குந்தியும் பழகிய மக்களிடையே இத்தேர்வு, நாற்காலியிலேயே பொழுதைக் கழிப்போரிடம் இருப்பதைவிடக் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

மூட்டின் அமைப்பும் பணியும்

பாதத்தின் முன்பகுதியில் உள்ள நீண்ட எலும்புகள் அனுகணுக்கால் எலும்புகள் எனப்படும். இவற்றுள் முதலாவதன் உருண்டையான தலையும் பெருவிரலின் அடியெலும்பும் சேருமிடமே இங்குக் குறிப்பிடப்படும் மூட்டு. நடக்கும்போது குதிகால் தரையைவிட்டு எழும் ஒவ்வொரு முறையும் இம்மூட்டு மேல்நோக்கி மடங்கி, உடலின் எடையை முன்னே தள்ளுகிறது. அவ்வாறு மடங்கும்பொழுது உள்ளங்காலில் உள்ள தசைநார்ப் பட்டை, உருளையில் சுற்றப்படும் கயிற்றைப் போல இழுபட்டு, பாதத்தின் வளைவை உயர்த்தி இறுக்குகிறது. இவ்வியக்கத்தை 1954 ஆம் ஆண்டில் ஹிக்ஸ் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர் விளக்கினார்.

நோய் தொடங்கியதும் மூட்டின் மேற்புறத்தில் உதடு போன்ற எலும்பு முனை வளர்கிறது. விரல் மேலே மடங்க முற்படும்பொழுது இம்முனை கதவின் அடியில் வைத்த ஆப்பு போலத் தடுக்கிறது. ஆகவே முதலில் இழக்கப்படுவது மேல்நோக்கிய மடக்கமே. கீழ்நோக்கிய மடக்கம் நெடுநாள் எஞ்சியிருக்கும். நோயாளி தம்மையறியாமல் பாதத்தின் வெளிப்புறமாக எடையைச் சாய்த்து நடக்கத் தொடங்குவதால், சில வேளைகளில் முழங்கால் அல்லது இடுப்பு வலிக்காகவே முதலில் மருத்துவரை நாடுகிறார்.

இதே மூட்டை வேறு இரு நோய்களும் தாக்குகின்றன. யூரிக் அமிலப் படிகங்களால் வரும் கௌட் நோய் பெரும்பாலும் இரவோடு இரவாகச் சிவந்து வீங்கிக் கடும் வலியுடன் வரும். பெருவிரல் மற்ற விரல்களை நோக்கிச் சாய்ந்து உட்புறம் புடைக்கும் ஹாலக்ஸ் வால்கஸ் கோணலால் அறியப்படும். விறைப்பு நோயில் விரல் பெரும்பாலும் நேராகவே இருக்கும். புடைப்பு பக்கவாட்டில் அல்லாமல் மேற்புறத்தில் தோன்றும். இம்மூன்றையும் பொதுவாக "வாதம்" என்று அழைத்து ஒரே மருந்தைத் தொடர்வது நோயாளிகள் ஆண்டுகளை இழப்பதற்குக் காரணமாகிறது.

நோயின் நிலைகள்

1887 ஆம் ஆண்டில் டேவிஸ்-காலி என்பவர் இந்நோயை விவரித்தார். சற்றே பின்னர் காட்டரில் என்பவர் ஹாலக்ஸ் ரிஜிடஸ் என்னும் பெயரை வழங்கினார். இன்று பரவலாகப் பயன்படும் வகைப்பாடு, அமெரிக்க மருத்துவர்களான காஃப்லின், ஷர்னாஸ் ஆகியோர் 2003 இல் வெளியிட்டதாகும். இது சுழியம் முதல் நான்கு வரை ஐந்து நிலைகளைக் கொண்டது. சுழிய நிலையில் விரல் 40 முதல் 60 பாகை வரை மேலே மடங்கும். மூன்றாம் நிலையில் 10 பாகைக்கு மேல் மடங்காது. நான்காம் நிலையின் தனி அடையாளம், விரலை இருபுறமும் முழுதாக மடக்கும் கடைசிக் கட்டத்தில் மட்டுமன்றி, நடுவில் இலேசாக அசைத்தாலும் வலிப்பதாகும். மூட்டின் உட்பரப்பு முழுவதும் தேய்ந்துவிட்டதை இது காட்டுகிறது. எக்ஸ்-கதிர்ப் படத்தைவிட இந்த எளிய கைச்சோதனையே சிகிச்சையைத் தீர்மானிப்பதில் பெரிதும் உதவுகிறது எனலாம்.

அறுவைக்கு முன்

எல்லோருக்கும் அறுவை தேவைப்படுவதில்லை. வலி நீக்கிகள், மூட்டினுள் இடப்படும் ஸ்டீராய்டு ஊசி, காலணி மாற்றம் ஆகியவற்றால் பலர் ஆண்டுக்கணக்கில் சமாளிக்கின்றனர்.

காலணி குறித்து ஒரு பிழையான எண்ணம் நிலவுகிறது. கால்வலி என்றாலே மென்மையான செருப்பு நல்லது எனக் கருதப்படுகிறது. தமிழ்நாட்டில் நீரிழிவு நோயாளிகள் பரவலாக அணியும் எம்.சி.ஆர். செருப்பு, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்டும் அவருடன் பணியாற்றியோரும் தொழுநோயாளிகளின் உணர்விழந்த பாதங்களைக் காக்க மேற்கொண்ட பணிகளின் வழியாகப் பரவியது. அழுத்தத்தைப் பரப்புவதே அதன் நோக்கம். விறைத்த பெருவிரலுக்கு வேண்டியதோ, மூட்டை மடங்கவிடாத கெட்டியான அடித்தளம். எளிதில் மடங்கும் ஹவாய் செருப்பும் மெல்லிய ரப்பர் செருப்பும் ஒவ்வோர் அடியிலும் மூட்டை மடக்கி வலியைக் கூட்டுகின்றன. முன்புறம் படகின் அடி போல வளைந்த கெட்டி அடித்தளம் கொண்ட காலணியில் பாதம் மடங்காமலே முன்னோக்கி உருள்கிறது.

சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் நசரத்பேட்டையிலிருந்து திருப்பெரும்புதூர் நோக்கிச் செல்லும் தடத்தில் தொழிற்சாலைகள் மிகுதி. அத்தகைய இடங்களில் அணியப்படும் பாதுகாப்புக் காலணிக்கு இவ்வகையில் நன்மையும் தீமையும் உண்டு. அதன் கெட்டியான அடித்தளம் மூட்டுக்கு ஓய்வளிக்கிறது. ஆனால் அதன் இரும்பு முனைக்குப் பின்னுள்ள விளிம்பு மூட்டின் மேலுள்ள எலும்பு முனையில் உரசினால் தோல் புண்ணாகும். ஓர் அளவு பெரிய, முன்பகுதி உயரமான காலணியைக் கேட்டுப் பெறுவது பயன் தரும்.

அசைவைக் காக்கும் முறைகள்

கைலெக்டமி: உதடு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. மேற்புறம் வளர்ந்த எலும்பு முனையுடன், அனுகணுக்கால் எலும்புத் தலையின் மேற்பகுதியில் ஏறத்தாழ கால் பங்கு முதல் 30 விழுக்காடு வரை வெட்டி அகற்றப்படுகிறது. டுவ்ரீஸ் 1959 இல் இம்முறையை விவரித்தார். ரோஜர் மான் இதனைப் பரப்பினார். காஃப்லின், ஷர்னாஸ் ஆகியோரின் 2003 ஆய்வில், இம்முறையில் செய்யப்பட்ட 93 அறுவைகளுள் 86 வலி நீக்கத்திலும் பயன்பாட்டிலும் வெற்றி பெற்றன. ஆனால் குருத்தெலும்பு பாதிக்குமேல் போய்விட்ட மூட்டுகளுக்கு இதனை அவர்கள் பரிந்துரைக்கவில்லை.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஷாகில் ஓ'நீல் 2002 செப்டம்பரில் வலது கால் பெருவிரலில் இந்நோய்க்கு அறுவை செய்துகொண்டார். அவரது லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி அதற்கு முன் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வாகை சூடியிருந்தது. அவர் அடுத்த பருவத்தின் முதல் 12 ஆட்டங்களில் பங்கேற்க இயலவில்லை. அப்பருவத்தில் அணியும் பட்டத்தை இழந்தது.

மோபெர்க் அறுவை: சுவீடனைச் சேர்ந்த எரிக் மோபெர்க் 1979 இல் விவரித்தது. பெருவிரலின் அடியெலும்பிலிருந்து மேற்புறமாக ஆப்பு வடிவத் துண்டு ஒன்றை எடுத்து, விரலைச் சற்றே மேல்நோக்கித் திருப்பிப் பொருத்துவர். மூட்டின் மொத்த அசைவு கூடுவதில்லை. எஞ்சியுள்ள கீழ்நோக்கிய அசைவின் ஒரு பகுதி, தேவைப்படும் மேல்திசைக்கு மாற்றப்படுகிறது. இது பெரும்பாலும் கைலெக்டமியுடன் சேர்த்தே செய்யப்படுகிறது.

கெல்லர் அறுவை: அமெரிக்க இராணுவ மருத்துவர் வில்லியம் கெல்லர் 1904 இல் வெளியிட்டது. விரலின் அடியெலும்பின் ஒரு பகுதியை அகற்றி இடைவெளி உண்டாக்குவர். வலி குறையும், ஆனால் விரல் வலுவிழந்து குட்டையாகி மேலே தூக்கி நிற்கலாம், எடை அடுத்த விரல்களின் அடிக்குச் செல்லலாம். ஆதலால் இன்று அதிகம் நடமாடாத முதியோருக்கே இது கருதப்படுகிறது.

செயற்கை மூட்டுகள்

இடுப்பு, முழங்கால் மாற்று அறுவைகள் பெற்ற வெற்றி பெருவிரலில் கிட்டவில்லை. சிறிய மூட்டின் மீது ஒவ்வோர் அடியிலும் பெருஞ்சுமை விழுவது இதற்கு ஒரு காரணம். ஆல்ஃபிரட் ஸ்வான்சன் அறிமுகப்படுத்திய சிலிக்கோன் மூட்டுகள் நாளடைவில் தேய்ந்து, உதிர்ந்த துகள்களால் சுற்றியுள்ள திசுக்களில் அழற்சியை ஏற்படுத்தின.

அண்மைய எடுத்துக்காட்டு கார்ட்டிவா என்னும் பாலிவினைல் ஆல்ககால் கூழ்ம அடைப்பு ஆகும். எலும்புத் தலையில் துளையிட்டு இது பொருத்தப்பட்டது. 202 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் இது மூட்டு இணைப்புக்குக் குறைந்ததன்று எனக் காட்டப்பட்டது. 2016 இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. பின்னர் அடைப்பு எலும்பினுள் அமிழ்தல், இடம்பெயர்தல், மறு அறுவை ஆகியன எதிர்பார்த்ததைவிட மிகுதியாக நேர்ந்தன. 2024 அக்டோபரில் ஸ்டிரைக்கர் நிறுவனம் இதனைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. இரண்டு ஆண்டு முடிவுகளைக் கொண்டு, முப்பது ஆண்டுகள் நடக்கவேண்டிய காலுக்கு முடிவெடுப்பதன் இடரை இது காட்டுகிறது.

மூட்டு இணைப்பு

ஆர்த்ரோடெசிஸ் எனப்படும் இம்முறையில், இரு எலும்புகளிலும் எஞ்சிய குருத்தெலும்பை அகற்றி, திருகாணி அல்லது தகடு கொண்டு பொருத்தி, ஒரே எலும்பாக வளரச் செய்வர். முற்றிய நிலைக்கு இதுவே நம்பகமான சிகிச்சையாக ஏற்கப்பட்டுள்ளது. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட மூட்டுகள் நன்கு இணைகின்றன. புகைபிடித்தல் எலும்பு இணைவதைத் தடுக்கிறது.

இணைக்கும் கோணமே இதன் உயிர்நிலை. தரையை ஒப்பிட விரல் 10 முதல் 15 பாகை மேல்நோக்கியும், ஏறத்தாழ அதே அளவு இரண்டாம் விரல் பக்கமாகவும் இருத்தல் வேண்டும். அறுவை நடக்கும்போதே தட்டையான பரப்பொன்றை உள்ளங்காலில் அழுத்தி, பரு விழுந்த காலில் செருப்பை வைத்துப் பார்ப்பது போல, விரல் எங்குப் படுகிறது எனச் சரிபார்ப்பர். விரல் மிகத் தாழ்ந்தால் அதன் முனை தரையில் குத்தும். மிக உயர்ந்தால் காலணியில் உரசும். இணைந்த பின் இதனை மாற்ற மறு அறுவை ஒன்றே வழி.

தரைப் பழக்கங்கள்

மூட்டு இணைந்தவர்கள் வலியின்றி நெடுந்தொலைவு நடக்கலாம். சம்மணமிட்டு அமர்வதற்குத் தடையில்லை. குதிகாலைத் தரையில் பதித்துக் குந்தினால் பெருவிரல் அதிகம் மடங்குவதில்லை. ஆனால் பலரால், குறிப்பாக வயதானவர்களால், குதிகாலைத் தூக்காமல் குந்த முடிவதில்லை. தரைமட்டக் கழிப்பறையிலிருந்து எழும்போதும் எடை முன்பாதத்திற்கு வருகிறது. தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைக்கும்போது விரல்களை மடக்கி ஊன்றுவதும், பரதநாட்டியத்தில் குதிகால் உயர்த்தி அமரும் முழுமண்டியும் மூட்டின் முழு மடக்கத்தை வேண்டுவன. மூட்டை இணைத்தபின் இவை பழைய முறையில் இயலா. மேற்கத்திய மருத்துவ நூல்கள் குதியுயர்ந்த காலணி பற்றிப் பேசும் அளவுக்கு இவற்றைப் பேசுவதில்லை. நோயாளியே இவற்றை அறுவைக்கு முன் மருத்துவரிடம் எடுத்துக் கூறுதல் நன்று.

அறுவைக்குப் பின்

இவ்வறுவைகள் பலவற்றைக் கணுக்காலைச் சுற்றி மட்டும் மரத்துப்போகச் செய்தே மேற்கொள்ளலாம். கைலெக்டமிக்குப் பின் கெட்டியான காலணியுடன் விரைவில் நடக்கலாம். தையல் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பிரிக்கப்படும். விரலை மடக்கும் பயிற்சியை வலிக்கு அஞ்சித் தள்ளிப்போட்டால் பெற்ற அசைவு மீண்டும் இழக்கப்படும். மூட்டு இணைப்பிலோ இதற்கு நேர்மாறாக, ஏறத்தாழ ஆறு வாரங்கள் குதிகாலில் எடையிட்டு, விரலை அசையாது காக்கவேண்டும். வீக்கம் முழுதும் வடியப் பல மாதங்கள் ஆகலாம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இரத்தச் சர்க்கரையுடன், பாதத்தின் இரத்த ஓட்டமும் தொடு உணர்வும் முன்கூட்டியே சோதிக்கப்படவேண்டும். கணுக்காலிலும் பாதத்தின் மேற்புறத்திலும் நாடித்துடிப்பு தென்படாத நிலையில் இவ்வறுவையைச் செய்தால் காயம் ஆறாமல் விரலையே இழக்க நேரிடலாம். அத்தகையோருக்கு முதலில் இரத்தக் குழாய் மருத்துவரின் கருத்துப் பெறப்படுகிறது.