திருகோணமலைத் துறைமுகமும் முதுமைக்கால வருமானமும்

திருகோணமலைக் கச்சேரியின் எழுதுவினைஞரும் துறைமுகத்தின் ஊழியரும் அரசுக்கே உழைத்து இளைப்பாறுபவர்கள் எனினும், அவர்களது முதுமைக்கால வருமானம் இரு வேறு வழிகளில் அமைந்தது. முன்னவருக்கு, 1901ஆம் ஆண்டின் ஓய்வூதியப் பிரமாணக் குறிப்பின்படி, இறுதிச் சம்பளத்தையும் சேவைக்காலத்தையும் கொண்டு கணிக்கப்படும் தொகை, வரிப்பணம் வந்து சேரும் திரட்டு நிதியிலிருந்து மாதந்தோறும் வழங்கப்படுகிறது. பிரித்தானியக் கடற்படை 1957 அக்டோபரில் தன் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்த மறு ஆண்டில் சட்டமான ஊழியர் சேமலாப நிதியே, 1979இல் உருவான துறைமுக அதிகார சபையின் ஊழியருக்கு உரியது; இன்று 100 ரூபாய்ச் சம்பளத்துக்கு ஊழியர் 8 ரூபாயும் தொழில்தருநர் 12 ரூபாயும் அவரது கணக்கில் இடுகின்றனர்.

அரசின் தலையீடு குறைய வேண்டும் எனக் கருதும் சுதந்திரவாதிகள், முன்னைய முறை வருங்கால வரியிறுப்பாளர் மீது கடன் சுமத்துகிறது என்பர். பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் 1962இல் கட்டாய முதுமைக் காப்புறுதியையே எதிர்த்தார். எனினும், தனிக்கணக்கும் முழுக் காப்பன்று என்பதை, அரச கடன்பத்திரங்களில் பெரிதும் முதலிடப்பட்ட சேமலாப நிதியின் வட்டி வருமானத்தை 2023ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு பாதித்தமை உணர்த்துகிறது. புதிதாகச் சேர்வோருக்கான விதிகளை அரசு மாற்றலாம். ஆனால், ஒப்பந்தத்தைப் புனிதமாகக் கொள்ளும் சுதந்திரவாதமே, உழைத்து முடித்தவருக்கு அளித்த வாக்கைக் காக்குமாறு அரசைக் கட்டாயப்படுத்த வேண்டும்.