எந்த ஊர், எந்தப் பக்கம்?



சோஹாரில் நம்மவர் ஒருவரைப் புதிதாகச் சந்தித்தால் முதலில் கேட்பது "எந்த ஊர்?" என்பதுதான். "இளையான்குடி" என்று பதில் வந்தால் பலர் சந்தோஷமாகக் கைகுலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் மட்டும் விடமாட்டார்கள். "இளையான்குடியில் எந்தப் பக்கம்?" என்பார்கள். அந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

அந்த இளையான்குடியில் வளர்ந்த ஒருவரின் தன்வரலாறு பற்றித்தான் இந்த மாதம் பேசப்போகிறேன். பேராசிரியர் கே.ஏ. குணசேகரன் என்றால் பலருக்கு உடனே ஞாபகம் வராது. 'மனுசங்கடா' பாட்டைக் கணீரென்று பாடியவர் என்றால் வந்துவிடும். அதை எழுதிய கவிஞர் இன்குலாப் கீழக்கரைக்காரர். எழுதியவரும் பாடியவரும் ஒரே ஆண்டில், 2016-இல், நம்மைவிட்டுப் போனார்கள். குணசேகரன் எழுதிய 'வடு' 2005-இல் வெளிவந்தது. தமிழில் வந்த முதல் தலித் தன்வரலாறுகளில் அதுவும் ஒன்று. அதற்கு முன்பே, 1992-இல், பாமாவின் 'கருக்கு' வந்திருந்தது.

குணசேகரன் பிறந்தது 1955-இல். அதே ஆண்டில்தான் தீண்டாமையைக் குற்றமாக்கித் தண்டனை விதிக்கும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் கொண்டுவந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறமாட்டோம் என்று நடக்கத் தொடங்கினார்கள். ஓராண்டுக்கு மேல் நடந்தார்கள்.

1957 செப்டம்பர் மாதத்தையும் பாருங்கள். லிட்டில் ராக் என்ற ஊரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைய ராணுவம் காவலுக்கு வரவேண்டியிருந்தது. அதே மாதம் 11-ஆம் தேதி, இளையான்குடிக்குப் பக்கத்திலேயே உள்ள பரமக்குடியில், ராணுவத்தில் பணியாற்றித் திரும்பியிருந்த இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர் வட்டாரமே பற்றி எரிந்தது. குணசேகரனுக்கு அப்போது இரண்டு வயது. அமெரிக்கச் செய்தியை நாம் பாடப்புத்தகத்தில் படித்தோம். பக்கத்து ஊர்ச் செய்தியை வீட்டில் தாழ்ந்த குரலில் பேசக் கேட்டோம்.

'வடு'வில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்த இடம் ஒன்று உண்டு. இளையான்குடியில் முஸ்லிம்கள் அதிகம். அவர்கள் தெருக்களில் சாதி பார்க்கப்படவில்லை என்று ஆசிரியர் மனம் திறந்து எழுதுகிறார். ஆனால் சுற்றியுள்ள கிராமங்களுக்கு உறவினர் வீடு தேடிப் போனால் கதையே வேறு. எந்தத் தெருவில் நடக்கலாம், தண்ணீர் எப்படிக் குடிக்கவேண்டும், யாரை எப்படி அழைக்கவேண்டும் என்பதையெல்லாம் ஒரு சிறுவன் போகும் ஊருக்கு ஊர் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். சில மைல் தூரத்தில் மனிதனின் மதிப்பு மாறுகிறது.

மிசிசிப்பி மாநிலத்தில் வளர்ந்த ஆன் மூடி என்ற கறுப்பினப் பெண்ணின் தன்வரலாறு 1968-இல் வந்தது. சின்ன வயதில் வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு ஒன்றாக விளையாடியவர். சினிமாக் கொட்டகையில் அவர்கள் பின்னாலேயே உள்ளே போகிறார். அம்மா பிடித்து வெளியே இழுத்துவருகிறார். கறுப்பர்களுக்கு மாடி மட்டும்தான். வளர்ந்து கல்லூரி மாணவியான பிறகு, 1963 மே மாதத்தில், ஜாக்சன் நகரக் கடையொன்றில் வெள்ளையர் சாப்பிடும் மேடையில் உட்கார்ந்தார். கூட்டம் அவர்மேலும் தோழர்கள்மேலும் சர்க்கரையையும் சாஸையும் கொட்டியது. நம் ஊர் டீக்கடைகளில் தனித் தம்ளர் வைத்த கதை தெரிந்தவர்களுக்கு அதற்கு விளக்கம் தேவைப்படாது.

ஏன், நாம் வேலை செய்யும் இந்த பாத்தினா கடற்கரைக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. இங்குள்ள பேரீச்சந்தோட்டங்களில் ஒரு காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் உழைத்தார்கள். ஓமானில் அடிமை முறை முடிவுக்கு வந்தது 1970-இல், சுல்தான் காபூஸ் ஆட்சிக்கு வந்த பிறகுதான். அது நம்மில் பலர் பிறந்த பிறகு நடந்தது.

'வடு'வுக்கே திரும்புகிறேன். பள்ளிக்கூடத்தில் உதவித்தொகைக்குப் பட்டியல் எடுக்க வருவார்கள். சாதிப் பெயரை உரக்கச் சொல்லி, இன்னின்னார் எழுந்து நில்லுங்கள் என்பார்கள். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசியவன் அண்ணாந்து பார்ப்பான். சர்க்கார் கொடுப்பது நல்லதுக்குத்தான். கொடுக்கும் விதத்தில் ஒரு பிள்ளை கூனிக்குறுகிப் போகிறான். குணசேகரன் இதையெல்லாம் புலம்பலாக எழுதவில்லை. பாட்டும் கேலியும் ஊர்ச் சாப்பாடும் கலந்து, வட்டார மொழியில், பேசுவதுபோல எழுதுகிறார். சில இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்த பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலேயே புத்தகத்தை மூடி வைக்கவேண்டியிருந்தது.

எங்கள் கேம்ப்பில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த தம்பி ஒருவன் இந்தப் புத்தகத்தை இரவல் வாங்கிப்போனான். யார் கேட்டாலும் "மதுரைப் பக்கம்" என்று மட்டும் சொல்பவன். மூன்று வெள்ளிக்கிழமை கழித்துத் திருப்பிக் கொடுத்தான். அந்த உதவித்தொகைப் பக்கத்தின் ஓரம் மடிக்கப்பட்டிருந்தது.

"நல்லா இருந்துச்சா தம்பி?" என்று கேட்டேன்.

"நானும் எந்திரிச்சு நின்னவன்தாண்ணே" என்றான். பிறகு, நான் கேட்காமலேயே, தன் ஊர்ப் பெயரைச் சொன்னான்.