மூன்றாம் கூறு: கிளியா செல்கள் கண்டறியப்பட்ட வரலாறு

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள் உள்ளன. ஏறக்குறைய அதே அளவுக்கு நியூரான் அல்லாத செல்களும் உள்ளன. முன்னவற்றின் வரலாறு பலமுறை எழுதப்பட்டுவிட்டது. பின்னவற்றுள் பெரும்பான்மையான கிளியா செல்கள் எப்படி அறியப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இந்த வரலாற்றின் திருப்பங்களைக் கோட்பாடுகளை விடச் சாயமேற்றும் முறைகளே தீர்மானித்தன என்பது நமது கருத்து.

1856இல் ருடால்ஃப் விர்க்கோ நரம்புக் கூறுகளுக்கிடையே உள்ள பொருளுக்கு ‘நியூரோகிளியா’ என்று பெயரிட்டார். அவர் அதை ஒருவகை இணைப்புத் திசுவாகவே கருதினார். 1873இல் இத்தாலியின் அபியாதெகிராசோ ஊரில், தீரா நோயாளிகளுக்கான மருத்துவமனையில் பணியாற்றிய கமிலோ கோல்ஜி, பொட்டாசியம் டைகுரோமேட்டில் பதப்படுத்திய திசுவை வெள்ளி நைட்ரேட்டில் ஊறவைத்தார். சில செல்கள் மட்டும், கிளைகளோடு முழுமையாகக் கறுத்தன. அம்முறையைத் திருத்திக் கையாண்ட சான்டியாகோ ரமோன் இ கஹால், 1888 முதல் நியூரான்கள் ஒவ்வொன்றும் தனித்த செல் என்று காட்டத் தொடங்கினார். இருவரும் 1906இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

1913இல் கஹால் பொன் குளோரைடு முறையை வெளியிட்டார். கிளியா செல்களின் ஒரு வகையான ஆஸ்ட்ரோசைட்டுகள் அதில் மிகத் தெளிவாகத் தெரிந்தன. ஆனால் நியூரானும் அல்லாத, ஆஸ்ட்ரோசைட்டும் அல்லாத சிறு செல்கள் எஞ்சின. அவற்றின் உட்கரு மட்டுமே புலப்பட்டது. கிளைகள் இல்லை என்றே தோன்றியது. கஹால் அவற்றை ‘மூன்றாம் கூறு’ என்றார். அச்செல்களுக்குக் கிளைகள் இருந்தன. பொன் அவற்றில் படியவில்லை, அவ்வளவே.

அந்த மறைவை நீக்கியவர் பியோ தெல் ரியோ-ஹோர்தேகா. மாட்ரிட்டில் நிகோலாஸ் அச்சூகாரோவிடம் பயின்ற இவர், அம்மோனியா கலந்த வெள்ளி கார்பனேட்டைப் பயன்படுத்தினார். 1919இல் வெளியான நான்கு கட்டுரைகளில் மூன்றாம் கூற்றை அவர் பிரித்துக் காட்டினார். அதில் ஒரு பகுதி மைக்ரோகிளியா. அது மூளைக்குள் தோன்றியதல்ல, கரு வளரும்போது வெளியிலிருந்து வந்து குடியேறியது என்றார். மூளையில் காயமோ நோயோ நேர்ந்தால் அச்செல் கிளைகளைச் சுருக்கிக்கொண்டு நகர்ந்து சென்று சிதைவுகளை விழுங்குகிறது என்றும் விவரித்தார். அசையாத, இறந்த திசுத் துண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தே இந்த இயக்கத்தை அவர் ஊகித்தார் என்பது வியப்புக்குரியது. மற்றொரு பகுதிக்கு 1921இல் ஒலிகோடென்ட்ரோகிளியா என்று பெயரிட்டு, நியூரானின் நீண்ட இழையைச் சுற்றியுள்ள மயலின் உறையோடு அதைத் தொடர்புபடுத்தினார்.

இதற்கிடையில், ஆய்வகப் பூசல்களின் முடிவில் 1920இல் கஹால் அவரைத் தம் ஆய்வகத்திலிருந்து வெளியேற்றினார். மைக்ரோகிளியாவின் கண்டுபிடிப்பில் ஸ்காட்லாந்தின் ஃபோர்டு ராபர்ட்சனுக்கும் பங்குண்டு என்று எழுதினார். ஒலிகோடென்ட்ரோகிளியாவை ஏற்கத் தயங்கினார். 1924இல் மாட்ரிட் வந்து அதே சாய முறையைக் கற்ற வைல்டர் பென்ஃபீல்டு அச்செல்களை உறுதிசெய்தார். செய்முறையை நேரில் கற்றவருக்கே அவை தெரிந்தன என்பது நம் கருத்துக்கு வலுச் சேர்க்கிறது.

பிற்காலக் கருவிகள் ரியோ-ஹோர்தேகாவின் பக்கமே சாய்ந்தன. தண்டுவடத்திலும் மூளையிலும் மயலினை உருவாக்குவது ஒலிகோடென்ட்ரோகிளியாவே என்பதை 1960களின் எலக்ட்ரான் நுண்ணோக்கி ஆய்வுகள் காட்டின. உயிருள்ள எலியின் மூளையில் மைக்ரோகிளியா கிளைகளை ஓயாமல் நீட்டி மடக்குவதை 2005இல் ஆய்வாளர்கள் நேரடியாகக் கண்டனர். அச்செல்கள் கருவின் மஞ்சள்கருப் பையில் தோன்றி மூளைக்குள் வருகின்றன என்பது 2010இல் எலிகளில் நிறுவப்பட்டது.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரால் நாட்டைவிட்டு வெளியேறிய ரியோ-ஹோர்தேகா, பாரிசிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் பணியாற்றிவிட்டு, 1945இல் புவனோஸ் அயர்சில் காலமானார். நோபல் பரிசுக்கு முன்மொழியப்பட்டும் அவருக்கு அது கிடைக்கவில்லை. நரம்புச் செல்களின் வரலாற்றில் கஹாலுக்கு அடுத்து வைக்கத் தக்க பெயர் அவருடையதே.